"அங்கிள், அது யூடியூப்ல இருக்கு!": மேடையில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

நான் 22 வருடமாகப் பிறந்தநாள் வீடு, பள்ளி ஆண்டு விழா, திருவிழா மேடை என்று மேஜிக் ஷோ செய்து வருகிறேன். போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் சிவப்புக் கைக்குட்டையை உள்ளங்கைக்குள் திணித்து மறைய வைத்தேன். முன்வரிசையில் ஒரு பையன், ஆறாவது படிக்கிறானாம். எழுந்து நின்று, நான் அதை எதை வைத்துச் செய்கிறேனோ அந்தப் பொருளின் பெயரைக் கத்திவிட்டான். (பெயரை இங்கே எழுத மாட்டேன். தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.) அந்தப் பொருளைக் கையில் தொடுவதற்கு முன் என் குருவுக்கு ஒன்றரை வருடம் பெட்டி தூக்கியிருக்கிறேன். கண் கலங்கிவிட்டது.

ரகசியம் வெளியே போவது புதிதில்லை. 1997இல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியிலேயே முகமூடி போட்ட ஒருவர் பெரிய வித்தைகளை எல்லாம் உடைத்துக் காட்டினார். ஆனால் பெரும்பாலும் அது ஒளிபரப்பாகும் நேரத்தில் பார்த்தால்தான் உண்டு. இப்போது நான் மேடையில் நிற்கும்போதே கீழே ஒருவர் போனில் தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்த விஷயத்தில் எனக்குத் தெம்பு கொடுத்தது டெல்லரின் வழக்கு. பென் அண்ட் டெல்லர் என்ற அமெரிக்க மேஜிக் ஜோடியில் மேடையில் பேசாதவர் அவர். பூச்சாடியில் ஒரு ரோஜா, பின்னால் திரையில் அதன் நிழல். அவர் நிழலைக் கத்தியால் வெட்டுவார், நிஜப் பூவின் இதழ் உதிரும். ஐரோப்பாவில் ஒருவர் அதேபோல் செய்து 2012இல் யூடியூபில் போட்டு, ரகசியத்தை விற்கவும் கிளம்பினார். டெல்லர் 1983லேயே அந்த வித்தையை ஊமை நாடகம் என்று பதிப்புரிமைக்குப் பதிவு செய்து வைத்திருந்தார். 2014இல் நெவாடா நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வித்தையின் சூட்சுமத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, அதை நடித்துக் காட்டும் விதத்துக்கு உண்டு என்பதுதான் அதில் முக்கியம். அதைப் படித்த பிறகு ராத்திரி ரொம்ப நேரம் யோசித்தேன். என் கைக்குட்டை வித்தையில் நான் நடித்தது என்ன? ஒன்றுமே இல்லை. குரு செய்ததை அப்படியே செய்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு அந்தப் பையனையே மேடைக்குக் கூப்பிட்டு, கிண்ணங்களுக்கு அடியில் பந்துகள் மறைந்து தோன்றும் செப்படி வித்தை காட்டினேன். "இதுவும் தெரியும்" என்றான். சரி, கண்ணை எடுக்காமல் பார் என்றேன். கடைசிக் கிண்ணத்தை அவனே தூக்கினான், அடியில் எலுமிச்சம்பழம். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பென் அண்ட் டெல்லர் இதே வித்தையைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில், எல்லாம் தெரிகிற மாதிரியே செய்வார்கள். அப்போதும் கண் ஏமாறும்.

மறுமொழி, கோவையிலிருந்து:

அண்ணா, எனக்கு குரு கிடையாது. எல்லாமே வீடியோ பார்த்துக் கற்றதுதான். அதனால் அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இணையம் இல்லாவிட்டால் என்னைப் போன்றவனுக்கு இந்தக் கலை கிடைத்தே இருக்காது. ஆனால் ஒரு போட்டிக்குப் போனபோது எங்களில் மூன்று பேர் ஒரே சீட்டு வித்தையை, ஒரே ஜோக்கோடு செய்தோம். மூவரும் ஒரே வீடியோவில் கற்றிருக்கிறோம். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அப்புறம் 2020 ஊரடங்கு. ஜூமில் ஷோ செய்தேன். ஒரே கேமரா என்பதால் பக்கவாட்டில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது, அந்த வகையில் நிம்மதி. ஆனால் எல்லோரும் மைக்கை அணைத்து வைத்திருப்பார்கள். நாணயம் மறைந்த பிறகு வரும் அந்த "ஆ" சத்தம் இல்லாமல் அடுத்ததை எப்போது தொடங்குவது என்றே தெரியாது. அதனால் அவரவர் வீட்டுச் சீட்டுக்கட்டை எடுத்துவரச் சொல்லி, அவர்கள் கையிலேயே வித்தை நடக்கிற மாதிரி மாற்றினேன். அதற்குப் பிறகுதான் மைக்கை அவர்களாகவே திறந்தார்கள். இன்றைக்கும் நேரடி ஷோவில் அதை விடவில்லை.

மீண்டும் முதலில் எழுதியவர்:

தம்பி, அந்தச் சீட்டுக்கட்டு யோசனை அருமை. கைக்குட்டையை நானும் தூக்கிப் போடவில்லை. இப்போது அதற்கு ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், என் குரு அதை எனக்கு முதன்முதலில் காட்டிய நாளைப் பற்றி. அடுத்த ஞாயிறு ஒரு பள்ளியில் செய்து பார்க்கப் போகிறேன்.