கோடையில் லேபுக்கு வரும் மாணவிக்கு என்ன வேலை கொடுப்பது?

கேள்வி: போஸ்ட்டாக்_ராவேலை

அமெரிக்காவுல ஒரு புற்றுநோய் மையத்துல போஸ்ட்டாக்கா (பிஎச்டி முடிச்ச ஆராய்ச்சியாளரா) இருக்கேன். ட்ரிபிள் நெகட்டிவ் (ஈஸ்ட்ரோஜன், ப்ரொஜெஸ்டிரோன், ஹெர்2 மூணு ஏற்பியும் இல்லாத) மார்பகப் புற்றுநோய்தான் எங்க லேப் வேலை. வர்ற ஜூன்ல ஒரு இளங்கலை மாணவி 10 வாரத்துக்கு எங்ககிட்ட வர்றாங்க. கறுப்பினப் பெண், வீட்டுல முதல் பட்டதாரி ஆகப்போறவங்க. அவங்க காலேஜ்ல ஆராய்ச்சி லேபே கிடையாதாம். பிஐ (லேப் தலைவர்) "நீ பார்த்துக்கோ"ன்னு ஒரு வரி மெயில் தட்டிட்டு கிராண்ட் எழுதப் போயிட்டார்.

10 வாரத்துல என்னத்தை முடிக்க முடியும்? வெஸ்டர்ன் பிளாட்ங்கற புரதச் சோதனை சுத்தமா வரவே எனக்கு மாசக்கணக்கா ஆச்சு. பேசாம பஃபர் கலக்க, பைப்பெட் டிப் பாக்ஸ் அடுக்கன்னு விட்டுடலாமான்னு யோசனை. இன்னொண்ணு, பக்கத்து பெஞ்சுக்காரர் "தகுதி பார்த்து எடுக்கணும், இதெல்லாம் சலுகை"ன்னு முணுமுணுக்கறார். நானே ஊர்ல இட ஒதுக்கீட்டுல படிச்சு வந்தவன். சுருக்குன்னு இருந்தது, ஆனா வாய் திறக்கலை.

பதில்: மைனஸ்எண்பது

தம்பி, டிப் பாக்ஸ் அடுக்க ஒரு பொண்ணை அவ்வளவு தூரத்துலேருந்து வரவழைக்க வேண்டாம். ஸ்டாஃப் சயின்டிஸ்ட்டா இருக்கறதால கோடை மாணவங்க எப்பவும் என் தலையிலதான் விழுவாங்க. அந்த அனுபவத்துல சொல்றேன்.

வேலையைச் சின்னதாக்கு, ஆனா அது அவங்க கேள்வியா இருக்கணும். உங்க நைட்ரஜன் டேங்க்ல எம்டிஏ-எம்பி-231, எம்டிஏ-எம்பி-468 செல் லைன் (லேப்ல தொடர்ந்து வளர்க்கற புற்றுநோய் செல்கள்) ரெண்டும் கட்டாயம் இருக்கும். ரெண்டும் ட்ரிபிள் நெகட்டிவ், ரெண்டும் 51 வயசுப் பெண்களோட நுரையீரலைச் சுத்தின உறையில சேர்ந்த நீர்லேருந்து எடுத்தவை. 231 வெள்ளையினப் பெண்ணோடது, 468 கறுப்பினப் பெண்ணோடது. 231-ல கேராஸ்ங்கற மரபணுவில மாற்றம் இருக்கு. 468-ல ஈஜிஎஃப்ஆர்ங்கற வளர்ச்சி மரபணு பெருகிக் கிடக்கும், கட்டியை அடக்கற பிடென் கிடையாது. ஒரே மருந்து, மெக் தடுப்பான் (செல்லை வளரச் சொல்ற சிக்னலை நிறுத்தற மருந்து) ஏதாவது ஒண்ணு எடுத்துக்கோ. 96 குழி ப்ளேட்ல டோஸ் கர்வ் (மருந்து அளவு கூடக் கூட எத்தனை செல் சாகுதுங்கற வரைபடம்) போடச் சொல்லு. எது முதல்ல சாகுது, ஏன்? இது 10 வாரத்துக்குள்ள அடங்கும், போஸ்டரும் ஆயிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு செல் லைனை வெச்சு ஒரு இனத்தைப் பத்திப் பேசக்கூடாதுன்னு அவங்களுக்கு முன்னாடி உங்க லேப்காரங்களுக்குச் சொல்லிவை.

முதல் வாரம் மருந்துப் பக்கமே போகாதே. பைப்பெட்டால 1000 மைக்ரோலிட்டர் தண்ணி எடுத்துத் தராசுல விடச் சொல்லு, 1 கிராம் வரணும். அப்புறம் செல் எண்றது. ட்ரிபான் ப்ளூ சாயம் போட்டா செத்த செல் நீலமாயிடும், உயிரோட இருக்கறது பளிச்சுன்னு நிக்கும். ஹீமோசைட்டோமீட்டர்ல (கட்டம் போட்ட செல் எண்ற கண்ணாடி) நாலு மூலைக் கட்டத்தோட சராசரியை 10,000-ஆல பெருக்கி, நீர்த்த அளவாலயும் பெருக்கினா ஒரு மில்லிக்கு எத்தனைன்னு வரும். ஒரே ஸ்லைடை நீ தனியா எண்ணு, அவங்க தனியா எண்ணட்டும். ஒருத்தர் நம்பரை ஒருத்தர் பார்க்காம எழுதி, அப்புறம் சேர்த்து வெச்சுப் பாருங்க. கோட்டு மேல உக்கார்ற செல்லை எந்தப் பக்கம் சேர்க்கறதுங்கற சண்டை அங்கதான் வரும். அந்தச் சண்டைக்கு அப்புறம்தான் பசங்க பேச ஆரம்பிப்பாங்க.

நான் முக்கியமா சொல்ல வந்தது காசு விஷயம். ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) மாசக் கடைசியில வரும், வாடகை முதல் தேதி கேக்கும். முதல் தவணை எப்போன்னு இப்பவே ஆபீஸ்ல கேட்டு அவங்களுக்கு எழுதிடு. மாநாட்டுக்கு அனுப்பினா "முதல்ல நீங்க கட்டுங்க, பிறகு தர்றோம்"பாங்க. கிரெடிட் கார்டே இல்லாத பிள்ளை எங்கே போகும்? முன்னாடி நான் இருந்த ஒரு இடத்துல, போஸ்டர் அச்சடிச்சு வந்த பிறகு ஒரு மாணவி ஹோட்டலுக்குக் காசில்லாம "உடம்பு சரியில்லை"ன்னு நின்னுட்டா. டிக்கெட், ரூம் ரெண்டையும் ஆபீஸே நேரா போடணும்னு அடம் பிடி.

அப்புறம், இந்த நாட்டுல உயிரியல் பிஎச்டிக்குப் பெரும்பாலும் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை, மாசாமாசம் பணமும் தருவாங்கன்னு நமக்கெல்லாம் தெரியும். முதல் தலைமுறைப் பிள்ளைங்களுக்குப் பல பேருக்கு இது தெரியாது. டாக்டருக்குப் படிச்சாதான் பொழைப்பு, ஆராய்ச்சின்னா கடன்னு நினைச்சுக்கிட்டு வருவாங்க. முதல் நாளே சொல்லிடு.

பதில்: எபிடெமி_கணக்கன்

பெஞ்சுக்காரருக்கு என் தரப்புலேருந்து: அமெரிக்காவுல கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வர்றது வெள்ளையினப் பெண்களைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனா அதுல சாகறது சுமார் 40 சதவீதம் அதிகம். ப்ராஸ்டேட்ல கறுப்பின ஆண்கள் இறப்பு வெள்ளையினத்தவரைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஏன்னு கேக்கற ஆளுங்க லேப்ல வேணாமா? 2011-ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. படிப்பு, கட்டுரை எண்ணிக்கை எல்லாம் கழிச்சுப் பார்த்த பிறகும், கறுப்பின விஞ்ஞானிகளுக்கு என்ஐஎச் (அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) நிதி கிடைக்கற வாய்ப்பு வெள்ளையினத்தவரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு. சலுகை யாருக்குப் போகுதுன்னு அவரையே கூட்டிக் கழிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. 1964-ல ஆஸ்கோவை (அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம்) ஆரம்பிச்ச ஏழு பேர்ல ஒரே பெண் ஜேன் குக் ரைட், கீமோதெரபி முன்னோடி, கறுப்பினத்தவர். அந்தப் பேரை அவர் கேள்விப்பட்டிருக்காரான்னும் கேளுங்க.

பதில்: பெல்கிராண்ட்_பிள்ளை

நான் இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பையன், கம்யூனிட்டி காலேஜ் வழியா வந்து இப்ப பிஎச்டி மூணாம் வருஷம். அக்கா சொன்ன காசு விஷயம் நூத்துக்கு நூறு. கூட ஒண்ணு: "உங்க சமூகத்துல ஏன் ஸ்க்ரீனிங்குக்கு வர்றதில்லை?"ன்னு லேப் மீட்டிங்ல அவங்களைக் கேக்க விடாதீங்க. அவங்க செல் கல்ச்சர் கத்துக்க வர்றாங்க, பிரதிநிதியா வரலை. ஹீலா செல் பாட்டிலைத் தொடும்போது, அந்த செல் எடுக்கப்பட்ட கறுப்பினப் புற்றுநோயாளி ஹென்ரியட்டா லாக்ஸ் பேச்சு வந்தா மழுப்பாதீங்க. 1951-ல அந்த அம்மாகிட்ட அனுமதி கேக்காம எடுத்த செல்தான்னு நேராச் சொல்லிடுங்க.

அப்புறம் அவங்க எந்த நிதியில வர்றாங்கன்னு பாருங்க. 2025-ல என்ஐஎச் இந்த மாதிரி மாணவங்களைக் கொண்டுவர்ற பல திட்டங்களை நடுவுலயே நிறுத்திடுச்சு. ஆஃபர் லெட்டர்ல இருக்கற பணம் கையில இருக்கான்னு கேட்டுடறது நல்லது.

போஸ்ட்டாக்_ராவேலை

எல்லாருக்கும் நன்றி. ஆபீஸ்ல கேட்டுட்டேன், பணம் இருக்கு; ஆனா முதல் தவணை ஜூன் 30-தான். முன்பணம் தர முடியுமான்னு பிஐ பேசறேன்னிருக்கார். 468-ஐ இந்த வாரமே உறைநிலையிலேருந்து எழுப்பி மைக்கோப்ளாஸ்மா (செல் கல்ச்சரைக் கெடுக்கற பாக்டீரியா) டெஸ்ட்டுக்கு விடறேன். அக்கா, ஒரே ஒரு சந்தேகம்: சிபாரிசுக் கடிதம் நான் எழுதினா செல்லுமா, பிஐதான் எழுதணுமா?

மைனஸ்எண்பது

பிஐ கையெழுத்துக்குத்தான் மதிப்பு, ஆனா அவருக்கு அவங்க முகமே ஞாபகம் இருக்காது. வெள்ளிக்கிழமைதோறும் அவங்க என்ன செஞ்சாங்க, எதைக் கேட்டாங்க, எந்த ப்ளேட் சொதப்பி எப்படிச் சரி பண்ணினாங்கன்னு நாலு வரி குறிச்சு வை. அதை வெச்சு நீ வரைவு எழுது, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பிஎச்டி விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர்ல முடியும், அதனால ஆகஸ்ட்ல அவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே எழுதி முடிச்சிடு.