சி.டி.டி. தேர்வுக்குப் பினாங்கிலிருந்து படித்த அனுபவம்

கட்டுமான ஆவணங்கள் பற்றிய அமெரிக்கச் சான்றிதழ்த் தேர்வான சி.டி.டி.யை எழுதிய நண்பர்கள் பலர், கட்டுமான விவரக்குறிப்புகளை வகைப்படுத்தும் மாஸ்டர்ஃபார்மட் எண்களை எப்படி மனப்பாடம் செய்தார்கள் என்பதை விரிவாகப் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு என்பதால் இதை எழுதுகிறேன். மலேசியாவில் பி.கியூ. என்னும் அளவுப் பட்டியலை வைத்தே வேலை பழகிய நம்மவர்களுக்கு இந்தத் தேர்வில் எண்கள் பெரிய தடை அல்ல. எந்தச் செய்தி எந்த ஆவணத்தில் இருக்க வேண்டும், அதற்கு யார் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் அமெரிக்க முறை நம் முறையிலிருந்து விலகிச் செல்கிறது. அந்த விலகலைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக உழைப்பு தேவைப்பட்டது.

நான் ஜார்ஜ்டவுனில் ஒரு கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியதிலிருந்தே அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் பினாங்கில் இருக்கின்றன. அவற்றின் தொழிற்சாலை விரிவாக்க வேலைகள் எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கு வரும்போது, தலைமையகம் அனுப்பும் ஸ்பெக்கும், அதாவது பொருள்களின், வேலையின் தரத்தைச் சொல்லும் விவரக்குறிப்பும், உடன் வருகிறது. அது பெரும்பாலும் சி.எஸ்.ஐ. என்னும் கட்டுமான விவரக்குறிப்பு நிறுவனம் வகுத்த முறையில்தான் எழுதப்பட்டிருக்கும். 1948-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகளில் சி.டி.டி. முதற்படி, ஸ்பெக் எழுதுவோருக்கும் ஒப்பந்த நிர்வாகம் செய்வோருக்கும் உரிய மேல்நிலைச் சான்றிதழ்கள் அதற்கு அடுத்து வருகின்றன.

படிக்கத் தொடங்கியபோது எனக்குப் பெரிதும் உதவியவர், எங்களோடு பல திட்டங்களில் இணைந்து வேலை செய்த மூத்த கியூ.எஸ். (அளவு மதிப்பீட்டாளர்) அக்கா ஒருவர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கமான ஏ.ஐ.ஏ. வெளியிட்டுள்ள ஏ201 என்னும் ஒப்பந்தப் பொது நிபந்தனைகளின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பை அவரிடம் காட்டினேன். ஒப்பந்த ஆவணங்கள் எவை என்று சொல்லும் பகுதியை அவர் இரண்டு முறை நிதானமாகப் படித்துவிட்டு, "தம்பி, இதுல பி.கியூ.வே இல்லையே. அப்போ ஒரு பொருளோட தரம் எங்க சொல்லியிருக்குன்னு முதல்ல கண்டுபிடிங்க, மத்ததெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றார். நான் அதுவரை படித்த குறிப்புகள் எவையும் இவ்வளவு தெளிவாக வழி காட்டவில்லை. நம் கட்டடக் கலைஞர் சங்கமான பி.ஏ.எம். வெளியிடும் ஒப்பந்தத்தின் அளவுப் பட்டியலோடு கூடிய படிவத்தில், ஒப்பந்தத் தொகைக்குள் அடங்கும் வேலையின் அளவும் தரமும் பி.கியூ.வில் உள்ளபடியே கொள்ளப்படும். அமெரிக்க முறையிலோ வரைபடம் இடத்தையும் வடிவத்தையும் அளவையும் காட்டுகிறது. ஸ்பெக் தரத்தைச் சொல்கிறது. அளவெடுத்து விலை போடும் பொறுப்பு குத்தகையாளருடையது. இரண்டு ஆவணங்களில் எதற்கு முன்னுரிமை என்ற வரிசையையும் ஏ201 தருவதில்லை. ஒன்றில் கேட்கப்பட்டது எல்லாவற்றிலும் கேட்கப்பட்டதற்குச் சமம் என்று மட்டுமே அது சொல்கிறது. வரிசை பார்த்து முடிவெடுத்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் நின்று, நன்றாக யோசித்துவிட்டு மேலே செல்ல வேண்டும்.

இதே போன்ற இன்னோர் இடம், பிராஜெக்ட் மேனுவல். ஏலதாரர்களுக்கான அறிவுரைகள், ஏலப் படிவம், ஒப்பந்தப் படிவம், நிபந்தனைகள், ஸ்பெக் எல்லாம் ஒரே கட்டாக அதில் இருக்கும். ஆனால் ஒரே கட்டில் இருப்பதால் அனைத்தும் ஒப்பந்த ஆவணமாகிவிடுவதில்லை. ஏலம் தொடர்பான பகுதிகள், ஒப்பந்தத்தில் குறிப்பாகச் சேர்க்கப்பட்டாலன்றி, அதற்கு வெளியே நிற்கின்றன. கையெழுத்துக்கு முன் செய்யும் திருத்தம் அடெண்டம், கையெழுத்துக்குப் பின் வருவது சேஞ்ச் ஆர்டர் என்ற பிரிவும் இதிலிருந்தே பிறக்கிறது. நம் வி.ஓ.வை, அதாவது வேலை மாற்ற உத்தரவை, நினைத்துக்கொண்டு சேஞ்ச் ஆர்டரைப் படிக்கலாம், ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: சேஞ்ச் ஆர்டரில் உரிமையாளர், குத்தகையாளர், கட்டடக் கலைஞர் மூவரும் கையெழுத்திட வேண்டும்.

மாஸ்டர்ஃபார்மட்டைப் பொறுத்தவரை, 2004-இல் அது 16 பிரிவுகளிலிருந்து 00 முதல் 49 வரையிலான எண் வரிசைக்கு விரிந்தது என்பதையும், எதிர்காலத்துக்கென்று சில எண்கள் காலியாக விடப்பட்டுள்ளன என்பதையும் தெரிந்துகொண்டு, வேலையில் அடிக்கடி தொடும் பிரிவுகளைப் பழகிக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. பிரிவு 01-ஐ மட்டும் ஆழமாகப் படியுங்கள். அதில் சொல்லப்படும் பொது நடைமுறைகள் அதற்குப் பின் வரும் எல்லாப் பிரிவுகளையும் ஆள்கின்றன.

"அல்லது அதற்கு இணையானது" என்ற வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஸ்பெக்குகளில் வணிகப் பெயர் வரும் இடமெல்லாம் இந்த வரியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு திட்டத்தில் சன்னல் சட்டத்தைச் சுற்றி இடைவெளியை அடைக்கப் பூசும் சீலண்டுக்கு ஸ்பெக் ஒரு பெயரைச் சொல்லி, இணையானதும் ஏற்கப்படும் என்றது; எதில் இணை என்று எங்கும் சொல்லவில்லை. குத்தகையாளர் மலிவான ஒன்றைக் கொண்டுவந்தார். இணைப்பு எவ்வளவு விரிந்து சுருங்கினால் அது தாங்க வேண்டும், எந்தச் சோதனைத் தரத்துக்கு உட்பட வேண்டும் என்று ஒரு வரி இருந்திருந்தால், வாரக் கணக்கில் நீண்ட கடிதப் போக்குவரத்துக்கு இடமே இருந்திருக்காது. சி.எஸ்.ஐ. முறையில் மாற்றுப் பொருள் கோரும் நடைமுறை 01 25 00 என்ற பகுதியில் ஒரே ஒரு முறை சொல்லப்படும். சீலண்டுக்குரிய 07 92 00 பகுதி தரத்தை மட்டும் சொல்லும். அந்தப் பகுதியும் பொது, பொருள்கள், செயல்படுத்தல் என்ற மூன்று பாகங்களாகவே அமையும். ஒரு செய்தியை ஒரே இடத்தில், உரிய இடத்தில் சொல்வது என்ற இந்த ஒழுங்கை நான் மனதார மதிக்கிறேன். தேர்வுக்காக மட்டுமன்றி, பொறுப்புள்ள எவரும் பழக வேண்டிய ஒழுங்கு இது.

தர நிர்ணயங்களைப் படிக்கும்போது கான்கிரீட்டை விட்டுவிடாதீர்கள். நம் தளங்களில் 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டிகளை உடைத்து வலிமை பார்ப்பது வழக்கம். அமெரிக்க ஸ்பெக் ஏ.எஸ்.டி.எம். சி39 என்னும் அமெரிக்கச் சோதனைத் தரத்தைக் காட்டி உருளை மாதிரியைக் கேட்கும். அங்கே 4,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) என்றால் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 27.6 நியூட்டன், அது உருளையின் வலிமை. கான்கிரீட்டின் தரத்தைச் சி25/30 என்று எழுதும்போது முதல் எண் உருளைக்கும் இரண்டாம் எண் கனசதுரத்துக்கும் உரியது என்பதால், 27.6-ஐ நம் கிரேடு 30-க்குக் குறைவானது என்று நேரடியாக எடைபோடுவது சரியாகாது. தேர்வில் இது நேராகக் கேட்கப்படாவிட்டாலும், தர எண்ணை மேற்கோள் காட்டி ஸ்பெக் எழுதும் முறையின் உட்பொருள் இந்த உதாரணத்தில்தான் எனக்கு விளங்கியது.

நேரம் ஒதுக்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை முடிந்த மாலைகளில் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்கு மின்னூலகத்தில் உட்கார்ந்து, அலுவலகத்தில் முடிந்துபோன ஒரு திட்டத்தின் ஆவணங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொரு விதியையும் வாசித்த பின், இதை யார் எழுதுகிறார், யார் படித்துச் செயல்படுகிறார், செலவை யார் ஏற்கிறார் என்று எழுதி வைத்தேன். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு என்பதால், இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்திருந்தால் தவறான விடைகள் தாமாகவே விலகிவிடுகின்றன.

இந்தச் சான்றிதழுக்கு இங்கே மதிப்பு உண்டா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியமான சி.ஐ.டி.பி.யின் பதிவுக்கோ கட்டடக் கலைஞர் வாரியப் பதிவுக்கோ இது தேவையில்லை. நீங்கள் பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். திட்டங்களில் மட்டுமே வேலை செய்பவராக இருந்தால், முதலில் ஜே.கே.ஆர்.-இன் கட்டட வேலைகளுக்கான தர ஸ்பெக்கையும் 203ஏ ஒப்பந்தப் படிவத்தையும் முழுமையாகப் படியுங்கள். உடனடிப் பயன் அதில்தான் அதிகம். பாயான் லெப்பாஸிலோ பத்து காவானிலோ அமெரிக்க நிறுவனங்களின் வேலை உங்கள் மேசைக்கு வருகிறது என்றால், தயங்காமல் சி.டி.டி.க்குப் பதிவு செய்யுங்கள்.