45 வெள்ளி புளோயர், கண்ணில் தூசி, மச்சான் தரும் கிரைண்டர்: கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்

ஈசூன்_நாலறை எழுதியது:

தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும் வேலை இந்த வருஷம் என் தலையில் விழுந்தது. ஏணியில் ஏறித் துடைக்கச் சோம்பல்பட்டு இணையத்தில் 45 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கையில் பிடிக்கிற புளோயர் ஒன்று வாங்கினேன். ஒயர் வைத்தது, 600 வாட், நிமிடத்துக்கு 16,000 சுற்று என்று பெட்டியில் போட்டிருக்கிறது, கூடவே ஒரு துணிப்பை, அதை மாட்டினால் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சுமாம். பிளக் மட்டும் ரெண்டு முனை.

முதல் நாளே கூத்து. சீலிங் ஃபேன் மேல் ஊதினேன், மூணு வருஷத் தூசி அப்படியே என் முகத்தில் கொட்டியது, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தும் பக்கவாட்டில் புகுந்து ராத்திரி முழுக்கக் கண் உறுத்தல். அப்புறம் சுவரில் அலமாரி மாட்ட நாலு ஓட்டை போட்டு, ஓட்டைக்குள் இருந்த சிமெண்டுத் தூளையும் இதாலேயே ஊதித் தள்ளினேன். கூடம் முழுக்க வெள்ளைப் புகை. கதவு திறந்திருந்ததால் பக்கத்து வீட்டு ஆண்ட்டி காயப்போட்ட துணி மேலும் படிந்து, அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்த பார்வை இருக்கிறதே.

இப்போது கேள்வி என்னவென்றால், கண்ணுக்கு என்ன போட வேண்டும், இந்த ரெண்டு முனை பிளக்கை அடாப்டரில் செருகி ஓட்டலாமா, ஏர்கான், கணினி இதற்கெல்லாம் புளோயர் சரிப்படுமா? இன்னொன்று, சமையலறைப் பின்பக்கச் சன்னல் கம்பியில் பழைய துணிக்கொடித் தாங்கி ஒன்று துருப்பிடித்து போல்டோடு இறுகிக் கிடக்கிறது. மச்சான் இரும்பு வெட்டுகிற ஆங்கிள் கிரைண்டர் தருகிறேன், ரெண்டு நிமிஷ வேலை என்கிறார். நான் இதுவரை தொட்டது மாவு ஆட்டும் கிரைண்டர்தான்.


சும்மா_இருங்கப்பா எழுதியது:

காற்று ஊதுகிற மெஷினுக்கு இவ்வளவு பயமா? கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள், வாயில் துணி கட்டுங்கள், முடிந்தது. எங்கப்பா முப்பது வருஷம் செருப்போடு நின்று டிரில் போட்டார், பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது.


தளத்தில்_17_வருஷம் எழுதியது:

சும்மா_இருங்கப்பா சொல்வது எங்கள் கட்டுமானத் தளத்திலும் தினமும் கேட்கிற பேச்சுதான். காலையில் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டத்தில் கிரைண்டர் பற்றிச் சொன்னால் எல்லாரும் காது கொடுப்பார்கள், புளோயர் என்றால் சிரிப்பார்கள். ஆனால் நான் பார்த்தவரை கண்ணில் தூசி விழுந்து முதலுதவிப் பெட்டியைத் தேடி ஓடி வந்தவர்களில் பாதிப் பேர் கையில் புளோயர்தான் இருந்தது. காற்று ஒன்றும் செய்யாது தம்பி, காற்று தூக்கிக்கொண்டு வருகிற ஆணித்துண்டும் மணலும்தான் செய்யும்.

கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி போதாது, கூலிங் கிளாஸும் போதாது. பக்கவாட்டை மூடுகிற காகிள்ஸ் வேண்டும், ஹார்டுவேர் கடையில் பத்து வெள்ளிக்குள்ளேயே கிடைக்கும், பவர் கண்ணாடிக்கு மேலேயே போடுகிற மாதிரியும் இருக்கிறது. தூசி விழுந்துவிட்டால் கசக்காதீர்கள், குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். மறுநாளும் உறுத்தினாலோ பார்வை மங்கினாலோ பலதுறை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். வேகமாகத் தெறித்த இரும்புத்தூள் என்றால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது.

நீங்கள் செய்ததிலேயே எனக்குக் கவலை தந்தது அந்தச் சிமெண்டுத் தூள். காங்கிரீட்டுக்குள் மணல் இருக்கிறது, டிரில் அதை அரைக்கும்போது கண்ணுக்கே தெரியாத சிலிக்காத் தூள் வரும், அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப எடுக்க வழியில்லை, சிலிக்கோசிஸ் என்பார்கள், குணப்படுத்த மருந்து கிடையாது. நாலு ஓட்டைக்கு அந்த நோய் வந்துவிடாது, பயப்படாதீர்கள். ஆனால் புளோயரால் ஊதினால் தரையில் கிடக்க வேண்டியது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், நீங்களும் பிள்ளைகளும் அதைத்தான் மூச்சில் இழுப்பீர்கள். ஓட்டைக்குக் கீழே ஒரு பழைய கடித உறையைத் திறந்து டேப் போட்டு ஒட்டிவிட்டு டிரில் போடுங்கள், தூள் அதற்குள் விழும், மீதியை ஈரத்துணியால் துடையுங்கள். முகத்துக்கு என்95 முகக்கவசம். புகைமூட்டத்துக்கு வாங்கி வைத்தது அலமாரியில் எங்காவது கிடக்கும். சாதாரண மருத்துவ முகக்கவசமும் கைக்குட்டையும் இந்தத் தூளுக்கு உதவாது.

டிரில் போடும்போது கையுறை வேண்டாம். கேட்டால் ஆச்சரியப்படுவார்கள், ஆனால் சுற்றுகிற பிட்டில் கையுறை நூல் மாட்டினால் கையையே இழுத்துக்கொள்ளும். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஓட்டை போடாதீர்கள், ஒயர் சுவருக்குள் அந்த வழியாகத்தான் போயிருக்கும். வீட்டில் பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுக்கு ஒதுங்கும் அறை) இருந்தால் அதன் சுவர் வேறு கணக்கு, இஷ்டத்துக்குத் துளைக்கக் கூடாது, விதியைப் படித்துவிட்டுத்தான் பிட்டை எடுக்க வேண்டும்.

கிரைண்டர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மச்சானுக்கு என் வணக்கம், ஆனால் வேண்டாம். நாலு அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. டிஸ்க் இறுகினால் கிரைண்டர் பின்னால் உதைக்கும், அதிலும் சன்னல் ஓரம், கை நீட்டி, ஒரு காலில் நின்றுகொண்டு. ‘கையில் பிடிக்க இடைஞ்சல்’ என்று டிஸ்க்கை மூடும் காவல் தகட்டைக் கழற்றிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மச்சானுடையதில் அது இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே ஆளைத் தெரிந்துவிடும். டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதி மாதம்கூடப் போட்டிருக்கும், நாள்பட்ட டிஸ்க் வெடிக்கும். போல்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயை ராத்திரி அடித்து வையுங்கள், காலையில் ஸ்பானரால் திருகுங்கள், அசையவில்லை என்றால் ஆக்ஸா பிளேடு. அறுபடுகிற துண்டை முதலில் உள்பக்கமாகக் கயிற்றில் கட்டிவிடுங்கள், உங்கள் மாடியிலிருந்து இரும்புத்துண்டு கீழே விழுந்தால் அது தனி வழக்கு.


ஃபியூஸ்_போனவர் எழுதியது:

மேலே அண்ணன் மற்றதெல்லாம் சொல்லிவிட்டார், நான் மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் புளோயரின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள், 220-240 வோல்ட் என்று இருக்கிறதா? இணையத்தில் 110 வோல்ட் கருவியும் கலந்து விற்கிறார்கள், நம் ஊர் 230-ல் செருகினால் சில நொடியில் புகை. அடுத்து ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் இல்லாமலே ஓடலாம், அதனால் ரெண்டு முனை என்பதே தப்பில்லை. தப்பு எங்கே வரும் என்றால், நம் ஆட்கள் எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திறந்து ரெண்டு முனையை நேராகச் செருகுவார்கள். கையைத் தூக்கிச் சொல்லுங்கள், எத்தனை பேர் செய்திருக்கிறீர்கள். நானும்தான். அப்படிச் செருகிய பிளக் சரியாகப் பிடிக்காமல் ஆடும், ஆடினால் தீப்பொறி, தீப்பொறியால் சூடு, கடைசியில் பாயிண்ட் கருகிப்போகும். சேஃப்டி மார்க் என்ற பாதுகாப்பு முத்திரை போட்ட அடாப்டர் வாங்குங்கள், பயணத்துக்கு வாங்கிய சோப்பு டப்பா மாதிரியான அடாப்டர் வேண்டாம்.

600 வாட் என்றால் 2.6 ஆம்பியர்தான், நீட்டிப்பு ஒயர் தாங்கும். ஆனால் உருளையில் சுற்றிய ஒயர் என்றால் முழுக்க அவிழ்த்துவிடுங்கள், சுற்றியபடியே ஓட்டினால் உள்ளே சூடு வெளியேற வழியில்லை, டிரில், வெட்டும் ரம்பம் மாதிரிப் பெரியது மாட்டும்போது இளகிப்போகும்.

பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. ஆளைக் காப்பாற்றுவது மின்சாரப் பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி, 30 மில்லியாம்பியர் கசிந்தாலே வெட்டிவிடும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய சில வீடுகளில் அது இல்லாமல் இருந்தது, 2025 ஜூலை 1-க்குள் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இல்லை என்றால் உரிமம் உள்ள மின்தொழிலாளரைக் கூப்பிடுங்கள், யூடியூப் பார்த்து நீங்களே திறக்காதீர்கள். இருந்தால் அதில் ‘டி’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்தப் பெட்டி வெறும் அலங்காரம்.

கணினிக்குப் புளோயர் சரிதான், ஆனால் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் சின்ன விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். விட்டுவிட்டால் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போகும், சுற்றும்போது விசிறியே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்குள் அனுப்பும். ஏர்கானுக்கு வேண்டாம். ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் கழுவினாலே போதும், மேலிருந்து ஊதினால் தூசி இன்னும் உள்ளேதான் போகும்.


மல்லிகை_அக்கா எழுதியது:

ஆண்கள் எல்லாரும் எழுதிவிட்டீர்கள், வீட்டில் இதை எடுத்துப் பாதி நாள் ஓட்டப் போவது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தம்பி, உங்கள் மனைவிக்கும் சொல்லிக் கொடுங்கள். புளோயரின் பக்கத்தில் காற்றை இழுக்கிற ஓட்டை இருக்கிறதே, குனிந்து வேலை செய்யும்போது பின்னல் முடியும் துப்பட்டா நுனியும் அங்கேதான் போகும். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குத் துப்பட்டா ஒரு முறை போய் மெஷின் கீச்சென்று நின்றது, நல்லவேளை கழுத்தில் சுற்றியிருக்கவில்லை. ஆண்களுக்கும்தான், வீட்டில் கைலி கட்டிக்கொண்டு டிரில் போடுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், நம் சும்மா_இருங்கப்பா உட்பட.

அந்தத் துணிப்பையைப் பற்றியும் ஒரு கதை. போன சீன ஏழாம் மாதப் பிரார்த்தனை முடிந்து எங்கள் புளோக் கீழே காகிதச் சாம்பல் பறந்து கிடந்தது. ஒரு தாத்தா, ரொம்ப நல்ல மனுஷர், உதவி செய்கிறேன் என்று உறிஞ்சுகிற பக்கத்தை மாட்டி எல்லாவற்றையும் இழுத்துவிட்டார். சாம்பலுக்குள் கனல் இருந்திருக்கிறது. பையில் காற்று வேறு அடிக்கிறதா, ஊதுலை மாதிரி ஆகிவிட்டது, ரெண்டு நிமிஷத்தில் பை பற்றிக்கொண்டது. தூக்கிப் புல்லில் எறிந்தார், தண்ணீர் ஊற்றினோம், அதோடு போயிற்று. ஊதுபத்திச் சாம்பல், கார்த்திகை விளக்குத் திரி, எதையும் அதில் உறிஞ்சாதீர்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் சிந்திய இடத்திலும் மெஷினையே போடக் கூடாது, உள்ளே நீலமாகப் பொறி பறக்கும்.

சீலிங் ஃபேனுக்குப் பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுங்கள். தூசி முழுக்க உறைக்குள் வந்துவிடும். ஏணி மட்டும் ஆடாமல் இருக்கட்டும்.


ஃபியூஸ்_போனவர் எழுதியது:

அக்கா சொன்ன நீலப் பொறி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் வருவது, ஒயர் வைத்த மலிவுக் கருவி பெரும்பாலானவற்றில் இருக்கும். காதை விட்டுவிட்டோம். வேலையிடத்தில் 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம்தான் கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 91-க்கு 2 மணி நேரம். புளோயரும் டிரில்லும் இதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ரெண்டு வெள்ளிக்கு நுரை அடைப்பான் கிடைக்கிறது.


ஈசூன்_நாலறை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தகட்டைப் பார்த்தேன், 220-240, ரெட்டைச் சதுரமும் இருக்கிறது. ஆர்சிசிபி பொத்தானை அழுத்தினேன், விழுந்தது, மாமியார் பார்த்துக்கொண்டிருந்த நாடகமும் அதோடு போனது, அதற்கு வாங்கிய திட்டு தனி. மச்சானிடம் காவல் இருக்கிறதா என்று கேட்டேன், ‘அது எங்கேயோ கிடக்கும்’ என்றார். அதனால் ஆக்ஸா பிளேடு. எண்ணெய் போட்டு ஊறியும் ஒரு போல்டுதான் திறந்தது, மற்றதை அறுக்க இருபது நிமிஷம், கை கடுக்கிறது, ஆனால் முடிந்தது.

கடைசியாக ஒன்று, இன்னும் ரெண்டு ஓட்டை பாக்கி, ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, போடலாமா?


சும்மா_இருங்கப்பா எழுதியது:

சரி, கைலி விஷயத்தில் அக்கா பிடித்துவிட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஞாயிறு போடாதீர்கள், அதில் எனக்கே அனுபவம் உண்டு, கீழ்வீட்டு அங்கிள் துடைப்பக் கட்டையோடு ஏறி வந்தார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கணக்கில் புதுப்பிப்பு வேலை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6. சத்தம் அதிகமான வேலை வார நாள் மட்டும், அதுவும் 5 மணியோடு சரி.


தளத்தில்_17_வருஷம் எழுதியது:

ரெண்டு ஓட்டைதானே, நாள் முழுக்கத் துளைக்கிற வேலை இல்லையே, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போடுங்கள். போகும்போது முறுக்கு கொண்டு போங்கள், அந்தத் துணிக்கும் சேர்த்து.