பயிர் எங்கே விளையும் என்பதைத் தூரமா முடிவு செய்கிறது?

வரைபடக்காரன்:
மண்ணும் மழையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தாலும் பயிர் மாறும், ஏனென்றால் சந்தைக்கு உள்ள தூரம் மாறுகிறது. ஜெர்மானியப் பண்ணையாளர் வான் தூனன் 1826-லேயே இதைச் சொல்லிவிட்டார். நகரைச் சுற்றி வளையம் வளையமாகப் பாருங்கள்: நகரை ஒட்டிப் பாலும் காய்கறியும், அடுத்து விறகுக் காடு, அப்புறம் தானியம், கடைசி வளையத்தில் மேய்ச்சல். சீக்கிரம் கெடுவதும் சுமக்கக் கனமானதும் பக்கத்தில். தானே நடந்து வரும் ஆடு மாடு தொலைவில். இன்றும் அடிப்படை இதுதான் என்பது என் கட்சி.

தராசு:
அது குதிரை வண்டிக் காலத்துக் கணக்கு. 1882-ல் டனீடின் என்ற கப்பல் நியூசிலாந்திலிருந்து உறைய வைத்த ஆட்டிறைச்சியை லண்டனில் இறக்கியதே! இப்போது கென்யாவில் பறிக்கும் பீன்ஸ் விமானத்தில் ஐரோப்பா போகிறது.

வரைபடக்காரன்:
தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் அப்படித்தான் தோன்றும். கொண்டுசேர்க்கும் செலவில் அளந்து பாருங்கள்.

தராசு:
சரி, அப்படியே அளப்போம். வளரும் நகரங்களின் ஓரத்தில் நிலைமை தலைகீழ் என்று புவியியலாளர் சின்க்ளேர் 1967-ல் எழுதினார். நாளைக்கே மனையாகப் போகிற நிலத்தில், காய்ப்புக்கு வரப் பல வருடம் பிடிக்கும் மரத்தை யார் நடுவார்கள்? சொந்தக்காரர் வேலிகூடப் போட மாட்டார். குத்தகைக்காரர் ஒரு போகத்தில் கையில் காசு வரும் பயிரை விதைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பாதி இடம் தரிசு. சந்தை கூப்பிடு தூரத்தில் இருந்து என்ன பயன்?

மண்வாசி:
இருவரும் ஆளை மறந்துவிட்டீர்கள். ஸ்பெயினின் வறண்ட அல்மேரியாவில் கண்ணுக்கெட்டிய வரை பிளாஸ்டிக் கூடாரம். அங்கே விளையும் தக்காளி லாரியில் வட ஐரோப்பா வரை போகிறது. வெயில் மட்டுமா காரணம்? அந்தப் புழுக்கத்தில் குனிந்து வேலை செய்ய மொராக்கோவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் குறைந்த கூலிக்குக் கிடைக்கிறார்கள்.

வரைபடக்காரன்:
அப்படியானால் கூலி அதிகமான நெதர்லாந்தில், எரிவாயு எரித்துச் சூடேற்றி ஏன் தக்காளி வளர்க்கிறார்கள்? வாங்குகிறவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், அதனால்தான்.

மண்வாசி:
அங்கேயும் பறிக்க வருகிறவர்களில் பலர் போலந்துக்காரர்கள். சந்தை பக்கத்தில், ஆள் தூரத்தில். இதற்கு எந்த வளையம் போடுவீர்கள்?

வரைபடக்காரன்:
வான் தூனன் கூலியை மறந்தவர் இல்லை. இயல்பான கூலிக்கு அவர் கண்ட சூத்திரம் அவருடைய கல்லறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

மண்வாசி:
கல்லறையில் இருக்கிறது, சரி. நீங்கள் போட்ட வளையத்தில் காணோமே!