அப்பா கூட்டிக்கொண்டு போன பயணத்துக்கு அம்மாவுக்கும் ஏன் அபராதம்?

ஹாரோக்காரி:
இங்கிலாந்தில் பிரிந்து வாழும் பெற்றோர் பற்றிய கேள்வி இது. பள்ளி டேர்ம் நடக்கும்போதே அப்பா பிள்ளையை ஊருக்குக் கூட்டிப் போகிறார். அம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும், பிள்ளை பள்ளிக்கு வராததற்காக உள்ளூர் கவுன்சிலிலிருந்து இருவருக்கும் தனித்தனியாக அபராத நோட்டீஸ். கூட்டிப் போனவருக்கு மட்டும்தான் அது வர வேண்டும் என்பது என் வாதம்.

2024 ஆகஸ்ட் 19 முதல் நடப்பில் உள்ள கணக்கைப் பாருங்கள். 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்ட், அதைத் தாண்டி 28 நாளுக்குள் என்றால் 160. இது ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு. இரண்டு பிள்ளைகள் என்றால் நாலு நோட்டீஸ்: 320, இல்லையேல் 640. அதே பிள்ளைக்காக அதே பெற்றோருக்கு மூன்று வருஷத்துக்குள் இரண்டாவது வந்தால் 80 என்ற பேச்சே இல்லை, நேராக 160. மூன்றாவது முறை நோட்டீஸே கொடுக்க மாட்டார்கள், வழக்குதான் பெரும்பாலும். தான் போகாத பயணத்துக்காக அந்த அம்மா முதல் படியை இழந்துவிடுகிறார். இதில் என்ன நியாயம்?

மணிக்கூண்டு:
சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1996 கல்விச் சட்டம், பிரிவு 444(1): பள்ளியில் பதிவான பிள்ளை ஒழுங்காக வரவில்லை என்றால் பெற்றோர் குற்றவாளி. யார் தவறு, யாருக்குத் தெரியும் என்ற கேள்வியே அதில் இல்லை. பிரிவு 576-ஐயும் சேர்த்துப் படியுங்கள். பெற்ற தாய் தந்தை இருவரும் பெற்றோர்தான், சேர்ந்து வாழ்ந்தாலும் வாழாவிட்டாலும். பெற்றோர் பொறுப்பு உள்ளவரும், பிள்ளையை வைத்துப் பராமரிப்பவரும்கூட அதில் அடக்கம். அம்மாவின் புதுத் துணைவருக்கு நோட்டீஸ் வருவது இப்படித்தான்.

வீட்டை விட்டுப் போன 15 வயது மகள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியாத ஒரு தாயின் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அதுகூட, சட்டம் விலக்காக ஏற்கும் 'தவிர்க்க முடியாத காரணம்' ஆகாது என்றுதான் தீர்ப்பு. "நான் சம்மதிக்கவில்லை" என்பது அதைவிட வலுவான வாதமா?

வன்னிமரம்:
மணிக்கூண்டு அண்ணை, சட்டம் சரி. ஆனா நோட்டீஸ் ஆருக்கு அனுப்பவேணும் எண்டு கல்வித் துறையின்ர வழிகாட்டி தனியா சொல்லுது, அதை விட்டிட்டியள். அதுவும் 2024 ஆகஸ்டில இருந்து சட்டப்படியான வழிகாட்டி. பிள்ளையின்ர அன்றாட வரவுக்குப் பொறுப்பானவருக்கு, அல்லது அந்த லீவுக்கு இடம் குடுத்தவருக்கு. லீவுக்கு விண்ணப்பிச்சது ஆர் எண்டதைப் பார்க்கத் தேவையில்லை. வழமையா இப்பிடித்தான் அனுப்பவேணும் எண்டு அதில இருக்கு.

அதனால "சட்டத்தில ரெண்டு பேரும் பெற்றோர்" எண்ட ஒரே காரணத்துக்காக கவுன்சில் ரெண்டு பேருக்கும் அடிக்கிறது வழிகாட்டிக்குப் பொருந்தாது. வழக்குப் போடலாம் எண்டது வேற, போடவேணும் எண்டது வேற.

மணிக்கூண்டு:
ஒப்புக்கொள்கிறேன், அந்த வரி இருக்கிறது. அதே வரியில் 'அன்றாட வரவுக்குப் பொறுப்பானவர்' என்பதும் இருக்கிறதே? பிள்ளை வாரத்தில் ஐந்து நாள் அம்மா வீட்டில் இருந்தால் அந்தப் பொறுப்பு அம்மாவுடையதுதான். அப்பாவிடம் விட்ட பிறகு விமானம் ஏறினாலும் முதல் பாதியில் அம்மா விழுகிறார்.

இன்னொன்று. கூட்டிப் போனவருக்கு மட்டும் என்று வைத்தால் என்ன நடக்கும்? பிப்ரவரியில் அப்பா ஒரு வாரம், ஜூனில் அம்மா ஒரு வாரம். எண்ணிக்கை பெற்றோர்வாரியாக என்பதால் இருவருக்கும் அது 'முதல்' நோட்டீஸ். ஒரே வீட்டில் இருவரும் ஒப்புக்கொண்டு இரண்டு பயணம் போயிருந்தால் இரண்டாவதுக்கு ஆளுக்கு 160. பத்து நாள் வகுப்பை இழந்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஹாரோக்காரி:
பிள்ளைக்கு ஒன்றுதான், சரி. ஆனால் அபராதம் பிள்ளைக்கா போடுகிறோம்? தடுக்கும் சக்தியே இல்லாதவரைத் தண்டித்தால் அடுத்த பயணம் எப்படி நிற்கும்? 'வரவுக்குப் பொறுப்பு' என்பது பிள்ளை அவரவர் கையில் இருக்கும் நாளுக்குத்தான் பொருந்தும்.

கோர்ட் ஆர்டரைப் பற்றியும் நம் ஆட்களிடம் ஒரு குழப்பம் உண்டு. 'பிள்ளை இவருடன் வாழ்கிறது' என்ற ஆர்டர் வைத்திருப்பவர் 1989 சிறுவர் சட்டம் பிரிவு 13-இன்படி ஒரு மாதத்துக்கும் குறைவாக, மற்றவர் சம்மதம் இல்லாமல் வெளிநாடு கூட்டிப் போகலாம். அது பயண அனுமதி மட்டுமே, பள்ளி லீவு ஆகாது. அந்த ஆர்டரைக் காட்டிக் கூட்டிப் போகிறவரை மற்றவர் எந்தக் கையால் தடுப்பார்?

கறுப்புக்கோப்பி:
வாதத்துக்கு நடுவே நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான்.

சாதாரண வரம்பு, தொடர்ச்சியான 10 பள்ளி வாரத்துக்குள் 10 செஷன் அனுமதியில்லா வருகையின்மை. ஒரு நாளில் காலை ஒன்று, மதியம் ஒன்று. ஆக ஐந்து நாள். "நாலு நாள்தானே, எட்டு செஷன், தப்பித்தோம்" என்று நினைப்பவர்கள் யு குறியீட்டை மறந்துவிடுகிறார்கள். ரெஜிஸ்டர் மூடிய பிறகு பிள்ளை வந்தால் அதுவும் அனுமதியில்லா செஷன்தான். அப்பா நாலு நாள் ஊருக்குக் கூட்டிப் போயிருக்க, அம்மாவின் முறை நாட்களில் இரண்டு காலை ரெஜிஸ்டர் மூடிய பிறகு போய்ச் சேர்ந்திருந்தால் மொத்தம் பத்து. இந்த நிலையில் யார் 'இடம் கொடுத்தவர்'? அந்தப் பத்து வாரம் டேர்மையும் கல்வியாண்டையும் தாண்டி ஓடும். வரம்புக்குக் கீழேயும் கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கலாம்.

லீவு விண்ணப்பம் இன்னொரு சறுக்கல். 2024 வருகைப்பதிவு விதிகளின்படி, பிள்ளை வழக்கமாக யாருடன் வாழ்கிறதோ அந்தப் பெற்றோர்தான் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் பார்க்கிற அப்பா அனுப்பும் மின்னஞ்சலை ஹெட்டீச்சர் விண்ணப்பமாகவே எடுக்க முடியாது. "சண்டை வேண்டாம்" என்று அம்மா தன் பெயரில் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டால், பின்னால் "நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்பதை யார் நம்புவார்கள்? லீவு கிடைப்பதும் அரிது; விதிவிலக்கான சூழ்நிலைக்கு மட்டும்தான். மலிவு டிக்கெட், மாமா வீட்டுக் கல்யாணம் எல்லாம் ஹெட்டீச்சர் முடிவு. தீபாவளி அன்று ஒரு நாள் வராததைச் சமய அனுசரிப்பு என்று ஏற்பார்கள். அதைச் சாக்காக வைத்து இரண்டு வாரம் சென்னையில் இருந்தால் மீதி நாட்கள் எல்லாம் ஜி குறியீடு, அதாவது அனுமதியில்லாத விடுமுறை.

வன்னிமரம்:
கோப்பி சொன்னதோட இதையும் சேருங்கோ. சம்மதிக்காத பெற்றோர் பயணத்துக்கு முன்னமே எழுத்தில சொல்லவேணும். ஹெட்டீச்சருக்கும் வரவுப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல்: பிள்ளையின்ர பெயர், வகுப்பு, தெரிஞ்ச திகதிகள், "இந்த லீவுக்கு நான் சம்மதிக்கேல்லை", ஆர்டர் இருந்தா அதின்ர பிரதி, மற்றவருக்கு மறுத்து அனுப்பின மெசேஜ். பிள்ளையின்ர கோப்பில சேர்க்கச் சொல்லிக் கேளுங்கோ. போன்ல சொன்னது ஆருக்கும் ஞாபகம் இருக்காது. நேரமும் வசதியும் இருந்தா குடும்ப நீதிமன்றத்தில சி100 படிவத்தில தடை உத்தரவு கேட்கலாம்.

மணிக்கூண்டு:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எழுத்தில் மறுத்தவருக்கு நோட்டீஸ் போகக் கூடாது, சரி. ஆனால் வாயே திறக்காமல் இருந்துவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு "எனக்குத் தெரியாது" என்பவரை? பள்ளி அலுவலகம் குடும்ப நீதிமன்றம் அல்ல. யார் சொல்வது உண்மை என்று விசாரிக்க அவர்களிடம் ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஹாரோக்காரி:
வழி இருக்கிறது. நோட்டீஸ் அனுப்பும் முன் இருவருக்கும் ஒரு கடிதம்: "இந்த லீவுக்கு நீங்கள் சம்மதித்தீர்களா, பத்து நாளில் பதில் சொல்லுங்கள்." அதற்கும் பேசாதவரை நீங்கள் சொல்கிறபடி எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. பயந்து பேசாமல் இருக்கும் பெற்றோரும் உண்டு. கொடுமை தாங்காமல் பிரிந்த வீட்டில் முன்கூட்டி மறுப்பு எழுதுவது அத்தனை சுலபமா?

மணிக்கூண்டு:
அந்தக் கடிதம் நல்ல யோசனை. பயத்தில் இருப்பவர் விஷயத்தில் என் வரியைத் திரும்பப் பெறுகிறேன். மற்றவர்கள் விஷயத்தில் இல்லை.

புதுவரவு:
மன்னிக்கவும், ஒரு சந்தேகம். நோட்டீஸ் வந்துவிட்டது, பயணத்துக்குச் சம்மதிக்கவே இல்லை. 80 கட்டி முடித்துவிடுவது நல்லதா?

கறுப்புக்கோப்பி:
அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். கட்டினால் வழக்கு வராது, குற்றப்பதிவும் இல்லை, ஆனால் மூன்று வருஷக் கணக்கில் அது உங்கள் முதல் நோட்டீஸாக நிற்கும். இதற்கு மேல்முறையீடு கிடையாது. கவுன்சிலே திரும்பப் பெற வேண்டும், அல்லது கட்டாமல் விட்டுக் கோர்ட்டில் பார்க்க வேண்டும்.

கிடைத்த அன்றே கவுன்சிலுக்கு எழுதுங்கள். பெயரிடப்பட்டவருக்குப் போயிருக்கக் கூடாத நோட்டீஸ் என்பதும், நோட்டீஸ் கொடுப்பது பற்றிக் கவுன்சில் தானே வைத்திருக்கும் நடத்தை விதிக்கு வெளியே கொடுக்கப்பட்டது என்பதும் திரும்பப் பெறுவதற்கான காரணங்கள். அந்த நடத்தை விதி கவுன்சில் தளத்தில் இருக்கும், பிரிந்த பெற்றோர் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடி, அந்தப் பத்தியையே மேற்கோள் காட்டுங்கள். கடிதம் எழுதியதால் 21 நாள் கடிகாரம் தானாக நிற்காது. "முடிவு சொல்லும்வரை காலக்கெடுவை நிறுத்தி வைக்கவும்" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தவணையில் கட்டலாம் என்று எண்ண வேண்டாம், முழுத் தொகைதான்.

மணிக்கூண்டு:
கட்டாமல் விட்டால் வருவதையும் சொல்லிவிடுவோம். 444(1)-இல் 1,000 பவுண்ட் வரை அபராதம். தெரிந்தே அனுப்பாமல் இருந்தார் என்று 444(1ஏ) போட்டால் 2,500 வரை, மூன்று மாதச் சிறையும் சாத்தியம். ஐல் ஆஃப் வைட்டில் டேர்ம் நடுவே மகளை விடுமுறைக்குக் கூட்டிப் போன ஜான் பிளாட் 120 பவுண்ட் அபராதத்தைக் கட்ட மறுத்தார், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அவரும் மகளின் தாயைப் பிரிந்து வாழ்ந்தவர்தான். 'ஒழுங்காக வருவது' என்றால் பள்ளி விதிப்படி வருவது என்று 2017 ஏப்ரல் 6-இல் தீர்ப்பாயிற்று. மகளின் வருகை 90 சதவீதத்துக்கு மேல் இருந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை. கடைசியில் 2,000 பவுண்ட் செலவுத்தொகை கட்டினார்.

வன்னிமரம்:
பிளாட் தானே கூட்டிக்கொண்டு போனவர், அது வேற கதை. புதுவரவு, வழக்குக் கடிதம் வந்தா ஒற்றை நீதிபதி முறையில வரும், பதில் போட 21 நாள். "குற்றமில்லை" எண்டு குறிச்சா நேரடி விசாரணை கிடைக்கும். பேசாமல் இருந்தா கடதாசியிலயே தீர்ப்பு எழுதுவினம். வீடு மாறியிருந்தா பள்ளியிலயும் கவுன்சிலிலயும் விலாசத்தை இண்டைக்கே மாத்துங்கோ. பழைய வீட்டுக்குப் போன நோட்டீசுக்கும் 28 நாள் ஓடும்.