பெரிய வீடு குழு: தம்பி விஷயம்

அத்தை: ஆளுக்கு ஒன்று பேசுவதால் நானே சொல்லிவிடுகிறேன். கனடாவில் படிக்கிற தம்பி அங்கே நண்பன் வீட்டில் கஞ்சா போட்ட கேக் தின்றிருக்கிறான். ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து காலையில் அனுப்பிவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

பெரியப்பா: கஞ்சாவா

பெரியப்பா: நம் வீட்டிலா

அண்ணன்: அப்பா, கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து அது சட்டப்படி கிடைக்கிறது. போலீஸ் கேஸ் எல்லாம் இல்லை.

சித்தி: சாப்பிட்டானா அண்ணி?

அத்தை: கஞ்சி குடித்தான். தூங்குகிறான்.

சித்தப்பா: அக்கா, பதறாதே. கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி. புகைத்தால் சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். தின்றால் வயிறு, கல்லீரல் என்று சுற்றிப் போக வேண்டும், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகும். போகிற வழியில் கல்லீரல் அதை இன்னும் வீரியமாக மாற்றிவிடுகிறது. ஒன்றும் ஏறவில்லையே என்று இவன் இன்னொரு துண்டு எடுத்திருப்பான். எல்லாம் ஒன்றாக ஏறும்போது நெஞ்சு படபடக்கும், செத்துவிடுவோம் என்று பயம் வரும்.

அத்தை: அதேதான் சொன்னான். மூன்று துண்டு.

பெரியப்பா: இங்கேயே படிக்கட்டும் என்று அப்போதே சொன்னேன்

அத்தை: கடனுக்குக் கையெழுத்து கேட்டபோதும் அதைத்தான் சொன்னாய் அண்ணா.

அக்கா: வியாழக்கிழமை அவன் கல்யாணத்துக்கு வரும்போது ஏர்போர்ட்டுக்கு யார் போகிறீர்கள்? வண்டி சொல்ல வேண்டும்.

அண்ணன்: நான் போகிறேன். ஆனால் ஒன்று, இது குடியை விட எவ்வளவோ மேல். அளவு மீறினாலும் மூச்சு நிற்காது.

சித்தப்பா: மூச்சு நிற்காது என்பது சரி. மூச்சை நடத்துகிற மூளைத்தண்டில் டிஎச்சி போய் ஒட்டுவதற்கு இடம் மிகக் குறைவு, அதனால் அபின் மாதிரி கொல்லாது. அதற்காக ஒன்றும் செய்யாது என்று ஆகிவிடாது. மூளை இருபத்தைந்து வயது வரை வளர்கிறது. இளம் வயதில் தினமும் பிடிப்பவர்களுக்கு ஞாபகமும் கவனமும் அடிபடுகின்றன. மனச்சிதைவு வரும் வாய்ப்பும் கூடுகிறது, குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் இன்னும் அதிகம். சின்னத் தாத்தாவை மறந்துவிட்டீர்களா?

சித்தி: இதைக் குழுவில் எழுத வேண்டுமா

பெரியப்பா: அவர் பேச்சு வேண்டாம்.

சித்தப்பா: பேசாமல் இருந்ததால்தான் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை அண்ணா.

அண்ணன்: எனக்குத் தெரியாது. அவருக்கு என்ன?

அக்கா: காதில் யாரோ பேசுகிற மாதிரி கேட்குமாம். பாட்டி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அண்ணன்: சரி. அப்படியென்றால் தம்பி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் தடை போட்டால் மட்டும் தீருமா? அங்கே கடையில் விற்கிற மிட்டாய்ப் பொட்டலத்தில் 10 மில்லிகிராமுக்கு மேல் டிஎச்சி இருக்கக் கூடாது. திருட்டுச் சரக்குக்கு யார் கணக்கு? ஜெர்மனியும் 2024-இல் அனுமதித்துவிட்டது.

அத்தை: கடையில் வாங்கியது இல்லை. அந்தப் பையனே செய்தது.

சித்தப்பா: அப்படியானால் எவ்வளவு இருந்தது என்று செய்தவனுக்கே தெரியாது. பெரியவர்கள் பிடித்தால் ஜெயிலில் போடு என்று நானும் சொல்லவில்லை. சில வகை வலிப்புக்கு அதிலிருந்து எடுக்கிற சிபிடி மருந்தாகவே இருக்கிறது, அது போதை தராது. இருபது வயதுப் பிள்ளை தினமும் பிடிப்பது வேறு.

பெரியப்பா: அவனும் தினமும் பிடிக்கிறானா?

அத்தை: இல்லை என்கிறான்.

அத்தை: முதல் தடவையாம்.

அக்கா: பெட்டியில் எதையாவது போட்டுக்கொண்டு வந்துவிடப் போகிறான்.

சித்தப்பா: அதை முதலில் சொல்லுங்கள்! அங்கே வாங்கலாம், ஆனால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது அங்கேயே குற்றம். இங்கே 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. மிட்டாய், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

அத்தை: யார் சொல்வது? நான் சொன்னால் போனை வைத்துவிடுவான்.

சித்தி: நீங்கள் பேசாதீர்கள், ஒரு மணி நேரம் பாடம் நடத்துவீர்கள்.

சித்தப்பா: சுருக்கமாகச் சொல்கிறேன்

அண்ணன்: பெட்டி விஷயத்தை இன்று ராத்திரி நான் சொல்லிவிடுகிறேன். தாத்தா விஷயம் பெரியவர்கள் யாராவது நேரில் சொல்லுங்கள்.

பெரியப்பா: கல்யாணம் முடியட்டும்.

சித்தப்பா: கல்யாணம் முடிந்து இரண்டாம் நாள் கிளம்பிவிடுவான் அண்ணா.

அக்கா: வண்டி ஏழு பேர் வண்டியா, சின்னதா?