ரோமர்களின் ஆப்பியா சாலை உண்மையிலேயே 2300 வருடம் பழசா?

குலசேகரம் மழை:
பங்குனியில் எங்கள் தெருவுக்குத் தார் போட்டார்கள். இடவப்பாதி மழை தொடங்கி ஒன்றரை வாரம்கூட ஆகவில்லை, ரப்பர் தோட்டத்துத் திருப்பத்தில் சல்லி பெயர்ந்து பைக் சறுக்கி, முட்டியில் நாலு தையல். படுத்துக்கிடந்தபோது நண்பன் ஒரு படம் அனுப்பினான். இத்தாலியில் வியா ஆப்பியா, கி.மு. 312இல் போட்டதாம், அதே கல் இன்னும் கிடக்கிறதாம். நம்பலாமா? அப்படி என்ன கலவை போட்டார்கள்? "அந்தக் காலத்துல டாரஸ் லாரி ஏதுலே" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மயிலாடி கல்தச்சன்:
தம்பி, அப்பா சொன்னதில் பாதி சரி. மகள் ரோமில் நர்ஸ். 2019இல் போனபோது அந்தச் சாலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். மகள் சாலையோரத்தில் இருக்கும் சிசிலியா மெட்டெல்லா என்ற ரோமானியப் பெண்ணின் சமாதியைப் பார்க்கச் சொல்கிறாள், நான் தரையையே பார்த்துக்கொண்டு போகிறேன்.

312இல் ஆப்பியஸ் கிளாடியஸ் என்ற ரோம அதிகாரி ரோமிலிருந்து தெற்கே காப்புவா நகரம் வரை போட்டது சரளைச் சாலைதான், படை போக. கல் பாவியது பிறகு. ரோமை ஒட்டிய பகுதிக்கே கி.மு. 293 ஆகிவிட்டது.

நம் ஊர்க் கருங்கல் இல்லை அது, எரிமலைக் குழம்பு உறைந்த கல். மேலே சப்பை, அடியில் கடைவாய்ப்பல் மாதிரி கூம்பும். இறக்கி அடித்துவிட்டால் அசையாது. சதுரம் கிடையாது. பக்கத்துக் கல்லுக்குத் தோதாகத் தட்டிச் சேர்த்திருக்கிறான், இடையில் சாந்தே இல்லை. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் பார்த்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ், கற்கள் ஒன்றாகவே வளர்ந்தவைபோல இருப்பதாக எழுதியிருக்கிறார். இப்போது விளிம்பெல்லாம் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது. ஒரு சக்கரத் தடத்தில் என் சுண்டுவிரல் முழுக்க இறங்கியது.

கொளச்சல் நெய்தல்:
கல்லைப் பற்றி மட்டும் பேசுகிறீர்களே அண்ணாச்சி. ஸ்பார்ட்டகஸ் கிளர்ச்சியில் பிடிபட்ட 6000 அடிமைகளை கி.மு. 71இல் அந்தச் சாலையோரம்தான் சிலுவையில் அறைந்தார்கள், காப்புவா முதல் ரோம் வரைக்கும். கணக்குப் பார்த்தால் முப்பத்துச் சொச்சம் மீட்டருக்கு ஒருவர். 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் அந்தச் சாலை சேர்ந்தபோது வீட்டில் இதைச் சொன்னேன், அம்மா நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

குலசேகரம் மழை:
ஐயோ. சரி, மழைத்தண்ணீரை எப்படிச் சமாளித்தார்கள்?

மயிலாடி கல்தச்சன்:
நடு உயரம், இரண்டு பக்கமும் சரிவு, ஓரக்கல், தண்ணீர் இறங்க வழி. அப்படியும் ரோமுக்குத் தெற்கே சாலை கடக்கும் போண்டைன் சதுப்பு நிலத்தில் ஓயாத தொல்லைதான். ரோமக் கவிஞர் ஹொரேஸ் அந்த இடத்தை ராத்திரி கால்வாய்ப் படகில் கடந்துவிட்டு, கொசுவும் தவளையும் தூங்கவிடவில்லை என்று புலம்பியிருக்கிறார். நம் குமரி மாவட்டத்து ஏவிஎம் கால்வாய்க் கரையில் குடியிருந்தவர்களுக்குப் புரியும். பேரரசர்கள் அந்தச் சாலையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டார்கள்.

அந்தச் சாலை கடலைத் தொடும் டெர்ராச்சினா ஊரில்தான் நான் வாய்பிளந்து நின்றேன். மலையேறி இறங்கும் பாடு வேண்டாமென்று பேரரசர் டிராஜன் காலத்தில் கடலோரப் பாறையைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். மேலிருந்து பத்துப் பத்து அடிக்கு ஒரு எண் செதுக்கி, கீழே வந்தால் 120. எனக்கென்னவோ கூலிக் கணக்கு என்றே பட்டது.

அது போகட்டும், உங்கள் தெருவில் ஓடை இருக்கிறதா?

குலசேகரம் மழை:
இருந்தது அண்ணாச்சி. இரண்டு வீட்டுக்காரர்கள் சிலாப் போட்டு மூடி, மேலே கார் நிறுத்துகிறார்கள். அதில் ஒன்று எங்கள் வீடு.